நாலாவதாக நின்றவள்

மூன்று பேராகச் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு பயம். எடுத்தால் மூவரில் ஒருவருக்கு ஆகாது என்பார்கள். நடுவில் நிற்பவருக்குத்தான் ஆகாது என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறவர்களும் உண்டு. பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்தவர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கும் இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் ஒருவரை ஒருவர் ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற இந்த இரண்டு கூட்டமும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான் என்று நான் கேலி பேசுவது வழக்கம்.

நாற்பதுகளில் நான் அங்கே மாதுங்காவில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். வருகிற குடும்பங்களில் பாதி, மூன்று பேர் கொண்டவை. குமாஸ்தா, அவர் மனைவி, முதல் குழந்தை. குழந்தைக்கு ஆண்டு நிறைவு வரும். ஊரில் இருக்கிற பெரியவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும். பட்டுப்புடவை கட்டி, குழந்தைக்கு மை தீட்டி, டிராமில் நசுங்கி வந்து, விளக்குமுன் நின்ற பிறகுதான் அந்த அம்மாளுக்குத் தலையை எண்ணத் தோன்றும். "ஐயையோ, நாம மூணு பேர்னா ஆறது?" என்பாள். கணவர் ஆபீஸில் இங்கிலீஷில் காரசாரமாகக் கடிதம் எழுதுகிறவராக இருப்பார். ஆனால் அவர் முகமும் வெளுத்துவிடும்.

ஆரம்பத்தில் இப்படி இரண்டு மூன்று கிராக்கிகளை இழந்தேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளே திரும்பி, "இங்கே ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ" என்று குரல் கொடுப்பேன். என் மனைவி வந்து நாலாவது ஆளாக ஓரத்தில் நிற்பாள். படம் எடுத்தாகிவிடும். பிறகு அச்சுப் போடும்போது அவள் நிற்கிற ஓரத்தைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்துவிட்டால் தாளில் மூன்று பேர்தான் விழுவார்கள். கேமராவுக்கு முன்னால் நாலு பேர் நின்றாயிற்று, தோஷமும் இல்லை. சுவரில் மாட்டும்போது அந்நியர் யாரும் இல்லை. எல்லோருக்கும் திருப்தி. இதில் எனக்கு ரொம்பப் பெருமை. இந்த யோசனை மாதுங்காவில் வேறு எந்த போட்டோக்காரனுக்கும் வரவில்லை என்று அவளிடமே பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் இடம் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முன் அறை ஸ்டூடியோ, பின் அறை குடித்தனம். இரண்டுக்கும் நடுவே கதவு கிடையாது. படத்துக்குப் பின்னணியாகத் தொங்கும் பெரிய துணித்திரைதான் சுவர். அந்தப் பக்கம் மாளிகையும் படிக்கட்டும் தாமரைக் குளமும் வரைந்திருக்கும். இந்தப் பக்கம் வெறும் கித்தான், ஸ்டவ், தண்ணீர்க் குடம், காயப் போட்ட துணி. நான் கூப்பிட்டால் அவள் மாளிகையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு வருவாள். முதல் சில தடவை தலையை வாரி, பொட்டைச் சரி செய்துகொண்டு வந்தாள். தாளில் விழப் போவதில்லை என்று தெரிந்த பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டாள். கையில் மாவோடு வருவாள். கரண்டியோடு வருவாள். ஒரு நாள் காதில் பென்சிலோடு வந்தாள். பால்காரன் சுவரில் போட்ட கணக்குக் கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாளாம். குழந்தை அழுதால் இடுப்புச் சாவியை ஆட்டிச் சிரிக்க வைப்பாள். உண்மையைச் சொன்னால், என் படங்களில் குழந்தைகள் அழகாகச் சிரிக்கின்றன என்று நான் வாங்கிய பெயரில் பாதி அந்தச் சாவிக்குச் சேர வேண்டியது.

அவளுக்கு நான் கொடுத்த உத்தரவு எப்போதும் ஒன்றுதான். "தள்ளி நில்லு." அவள் புடவைத் தலைப்பு வந்தவர்கள் மேல் பட்டால் மறைப்பது கஷ்டம். இரண்டு முழம் இடைவெளி இருந்தால் காகிதத்தை வைத்து நேராக வெட்டிவிடலாம். "இன்னும் தள்ளி. இன்னும் கொஞ்சம்." அவளும் நகர்ந்து நகர்ந்து கடைசியில் குளத்தைத் தாண்டி, வரைந்த சித்திரம் முடிகிற இடத்தில் போய் நிற்பாள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் பார்ப்பேன். அதில் எல்லாம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில், தலைகீழாக, என் மனைவி. அப்படித்தான் நான் அவளை அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு முன்கோபம். இப்போதும் இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. தொழிலில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும் வீடு இரண்டுபடும்படி கத்துவேன். அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். சாயங்காலம் காபி கொடுக்கும்போது, "கோபம் ஆறித்தா, காபி ஆறறதுக்குள்ளே கேட்டுக்கறேன்" என்பாள். அதோடு சரி.

யுத்தம் வந்து, படம் பதிகிற கண்ணாடி பிளேட்டும் அச்சுக் காகிதமும் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்த சமயத்தில் அவளுடைய அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. மாமியாருக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கொண்டு எழுதச் சொல்லுவார். பெண்ணின் முகத்தைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது, ரயில் பிரயாணம் இந்தக் காலத்தில் ஆகாது, ஒரு படமாவது அனுப்பக் கூடாதா, மாப்பிள்ளை ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறாராமே என்று இருந்தது. எங்கள் கல்யாணத்தில் படம் எடுக்கவில்லை. அப்போது அதற்கு வசதியில்லை.

"ஏன்னா, அம்மா ஆசைப்படறா. ஒண்ணே ஒண்ணு எடுத்து அனுப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"எடுத்தா போச்சு. இந்த மழை விடட்டும். வெளிச்சமே இல்லையே" என்றேன்.

அது பொய் இல்லை. பம்பாய் மழைக்காலத்தில் போட்டோக்காரன் படுகிற பாடு அவனுக்குத்தான் தெரியும். கேமராவின் தோல் மடிப்புகளில் பூசணம் பூக்கும். பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்த்தப் போட்ட அச்சு மூன்று நாளானாலும் உலராது. பகல் பன்னிரண்டு மணிக்கு லென்ஸ் மூடியைத் திறந்துவைத்து மூன்று, நாலு என்று எண்ண வேண்டியிருக்கும். அத்தனை நேரமும் நிற்பவர்கள் மூச்சுக்கூட விடக் கூடாது. யுத்தகால இருட்டடிப்புச் சட்டத்துக்காக மேல் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசியிருந்தோம், அதனால் இருந்த கொஞ்சம் வெளிச்சமும் போயிற்று.

மழை விட்டது. நவராத்திரி வந்தது. மாதுங்காவில் ஒவ்வொரு மாடியிலும் கொலு. ஒன்பது நாளும் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். "இது முடியட்டும்" என்றேன். தீபாவளி முடிந்து குளிர் வந்தது. அந்த மூன்று மாதம்தான் பம்பாயில் வெளிச்சம் என்று ஒன்று உண்டு. தெளிவாக, முகத்தில் அடிக்காமல், சாய்ந்து விழும். அத்தனை நல்ல வெளிச்சத்தை வீட்டுக்காரிக்குச் செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. கல்யாண முகூர்த்தங்கள், ஆபீஸ் பிரிவுபசாரங்கள், செம்பூரில் ஒரு கிருகப்பிரவேசம், கல்யாண் ஜங்ஷனில் ரயில்வேக்காரர்கள் நாற்பது பேரை மூன்று வரிசையாக நிற்கவைத்து ஒரு குரூப் போட்டோ. "தை பிறக்கட்டும்" என்றேன். தை பிறந்து, மாசி போய், வெயில் வந்தது. வெயிலில் மருந்துத் தண்ணீர் சூடாகி, பிளேட்டின் மேல் பூச்சு பாலாடை மாதிரி சுருண்டு வந்துவிடும். ஐஸ் கட்டி வாங்கி, மரத்தூளில் புதைத்துவைத்து, அதன்மேல் தட்டை வைத்துத்தான் கழுவ வேண்டும். "இந்த உஷ்ணத்துல உன் மூஞ்சி உருகிப் போயிடும்டீ, மழை வரட்டும்" என்றேன். அவள் சிரித்தாள். இப்படியே ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்று தொடங்கியது. அவள் அம்மாவுக்கு என்ன பதில் எழுதினாள் என்று நான் கேட்டதில்லை.

ஒத்திப்போட்டதற்குக் காரணம் வெளிச்சமும் இல்லை, பிளேட்டும் இல்லை. அவள் அங்கேயே இருந்தாள். கூப்பிட்டால் வருவாள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறதை மனிதன் எப்போது எடுக்கிறான்?

இரண்டாவது சுற்று மழையில், ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில், மூன்று பேர் ஒரே குடைக்குள் நனைந்துகொண்டு வந்தார்கள். தாராவிக்காரர்கள். மூத்தவர் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை செய்பவர். கூட அவர் மனைவி. மூன்றாவது ஆள் அவருடைய தம்பி. பட்டாளத்தில் சேர்ந்து, புதுக் காக்கி உடுப்பில் விறைப்பாக நின்றான். இரண்டு நாளில் அவன் கப்பலேற வேண்டும்.

மூத்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சாமி, மூணு பேரா நின்னு எடுக்கக் கூடாதும்பாவ. அதுலயும் இவன் சண்டைக்குப் போறான். என்ன செய்யதுன்னு தெரியல."

"அதுக்கெல்லாம் என்கிட்டே வைத்தியம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே குரல் கொடுத்தேன். என் மனைவி மாளிகை ஓரத்தை விலக்கி, மாவுக் கையைத் தலைப்பில் துடைத்தபடி வந்தாள். தாராவிப் பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. இவளைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் இடம் விட்டாள். இவளும் போய் ஒட்டினாற்போல் நின்றுகொண்டாள்.

என்னிடம் அப்போது மிச்சம் இருந்த பிளேட்டுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாலு எண்ண வேண்டும் என்று முடிவு செய்து, "அசையப்படாது, நாலு சொல்ற வரைக்கும் கல்லா நிக்கணும்" என்று எச்சரித்தேன். மங்கல் கண்ணாடியில் பார்த்தால் இவள் அந்தப் பெண்ணோடு இழைந்து நிற்கிறாள். துணியிலிருந்து தலையை வெளியே எடுத்து, பிளேட்டைச் செருகிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "தள்ளி நில்லு. இன்னும் தள்ளி" என்றேன். லென்ஸ் மூடியை எடுத்து எண்ணத் தொடங்கினேன்.

நான் சொன்னது என் மனைவிக்கு. கேட்டுக்கொண்டது அந்தப் பெண். அவள் ஏன் கேட்டுக்கொள்ள மாட்டாள்? எங்கள் மாதுங்காவில் குழாயடியிலும் வாசற்படியிலும் அந்த வார்த்தையை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாளோ. சட்டென்று விலகி, தலையைத் தாழ்த்திக்கொண்டு, புருஷன் பக்கமாக ஒடுங்கிவிட்டாள். நான் இதைக் கவனிக்கவில்லை. என் கவனம் மூடியில் இருந்தது. "ஒண்ணு" சொல்லி "ரெண்டு" சொல்லும்போது என் மனைவி ஓர் அடி முன்னால் வந்து, அந்தப் பெண்ணின் தோளில் கையைப் போட்டு, "உன்னைச் சொல்லலைம்மா, என்னைத்தான் சொன்னார்" என்றாள்.

அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். நான் நாலு சொல்லி மூடியை மாட்டிவிட்டுக் கத்தினேன். வந்தவர்கள் எதிரிலேயே கத்தினேன்.

"ஒரு பிளேட் போச்சு! உனக்கு ஓரமா நிக்கக்கூடத் தெரியாதா?"

அவர்கள் போன பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு மூஞ்சி அப்படியே சுருங்கித்தே. நீங்க பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. பார்ப்பதுதான் என் தொழில் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கழுவிப் பார்த்தபோது அதிசயமாகப் படம் முழுக்கக் கெடவில்லை. அண்ணனும் தம்பியும் கல்லாக நின்றிருந்தார்கள். அந்தப் பெண்ணும், தலையைத் தூக்கினவள் மிச்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டதால், கொஞ்சம் மெத்தென்று, ஆனால் பார்க்கும்படியாகவே விழுந்திருந்தாள். கலைந்து போனது நாலாவது ஆளின் முகம்தான். தோளில் வைத்த கை அங்கேயே நின்றதால் அது நன்றாக விழுந்திருந்தது. கையை வெட்டாமல் ஆளை வெட்ட முடியாது.

அண்ணனும் அவர் மனைவியும் படம் வாங்க வந்தபோது, அந்தக் கையை எப்படியாவது பென்சிலால் மறைத்துத் தருவதாகச் சொன்னேன். பிழை என் தரப்பில் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி அசைந்துவிட்டாள் என்றுதான் சொன்னேன்.

அந்தப் பெண் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "வெட்டாதிய சாமி" என்றாள். "எங்களுக்காவ வந்து நின்ன அக்கா. அவியள வெட்டிப்போட்டு நாங்க மட்டும் சொவத்துல தொங்கணுமாக்கும்?"

அப்படியே அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். என் படங்கள் எல்லாவற்றிலும் அட்டையின் கீழ் மூலையில் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். அந்தப் படத்தில் நான் முத்திரை குத்தவில்லை. கலங்கின முகத்தோடு என் பெயர் ஒரு வீட்டுச் சுவரில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அடுத்த வெயில் காலத்தில் கண்ணாடிக்கு ஊரெங்கும் தட்டுப்பாடு. சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர், பழைய பிளேட் இருந்தால் பூச்சை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் பின் அறையில் அலமாரி முழுக்கப் பழைய பிளேட்டுகள். இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தன. கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். கழுவுகிற வேலையை அவளிடம் விட்டேன். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்தால் பூச்சு வழுக்கி வந்துவிடும். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும்.

அவள் ஒவ்வொரு பிளேட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். பிளேட்டில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும். "எல்லாருக்கும் தலை நரைச்சுப் போச்சு" என்று அவளாகவே சிரித்தாள். "இந்தக் குழந்தை இப்ப ஸ்கூல் போறது." "இதோ நான்." "இதோ, இதுலயும் நான்." நான் முன் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்து அம்மைத் தழும்பைப் பென்சிலால் நிரவிக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏன்னா, இது ஒண்ணு இருக்கட்டுமா? இதுல நான் கொஞ்சம் நன்னா விழுந்திருக்கேன் போல இருக்கு."

"அதுல என்னடீ இருக்கு? எங்கேயோ ஓரத்துல நிக்கறே. உனக்குன்னு தனியா, நன்னா, ஒண்ணு எடுத்துத் தரேன்."

"சரி" என்றாள்.  பிறகு பிளேட் தண்ணீருக்குள் போகிற சத்தம் கேட்டது.

நான் எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம். பத்து அடி தூரம். பென்சிலைக் கீழே வைத்தால் போதும். அந்தக் கல்யாணப் பெண் யார் என்பதுகூட இப்போது நினைவில்லை. அவளுடைய தழும்பு மட்டும் நினைவிருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு வந்த மழைக்காலத்தில் என் மனைவிக்கு ஜுரம் வந்தது. விஷ ஜுரம் என்றார் டாக்டர். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் இல்லை. குழந்தைகள் இல்லாத வீடு. ஆகவேண்டிய காரியங்களை நான் தனியாகச் செய்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல், "படத்துக்கு மாலை போடலையா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஒருவர், "உங்க தொழிலே அதுதானே, நூறு படம் இருக்குமே" என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது நியாயம்தான். நூறு இருந்தது.

மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. ஒரு படம் இருந்தால் அனுப்பி வையுங்கள், ஒன்பது வருஷமாயிற்று, முகம் கண்ணுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

அலமாரியைத் துழாவினேன். மிஞ்சியிருந்த பிளேட்டுகள் எல்லாம் பழையவற்றைக் கழுவிக் கொடுத்த பிறகு எடுத்தவை. பிளேட் பஞ்சத்தில் கல்யாணக் கூட்டம், ஆபீஸ் கூட்டம் மட்டும்தான் எடுத்திருந்தேன், மூன்று பேர் குடும்பம் ஒன்றும் இல்லை. பழைய கிராக்கிகள் வீடுகளுக்குப் போனேன். எல்லோர் வீட்டிலும் படம் இருந்தது. அப்பா, அம்மா, சிரிக்கிற குழந்தை. எல்லாப் படத்திலும் அவள் நிற்க வேண்டிய இடத்தில் என் நேரான வெட்டு. ரொம்ப நேர்த்தியான வெட்டு. ஒரு விரல்கூட மிஞ்சவில்லை. ஒரே ஒரு வீட்டில், குளத்தங்கரைக்கு மேல் கறுப்பாக ஏதோ ஒரு நிழல் விழுந்திருந்தது. அது அவள் நிழலாக இருக்கலாம், கேமரா ஸ்டாண்டின் நிழலாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் தாராவிக்காரர்களின் நினைவு வந்தது.

ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தேன். பத்து வருஷமாக மாதுங்காவில் இருந்தும் அந்தப் பக்கம் நான் அதிகம் போனதில்லை. பானை செய்கிறவர்களின் சூளைப் புகையைத் தாண்டி, குர்லா லேத் பட்டறைக்காரர் வீடு என்று கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரை வீடு. அந்தப் பெண் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு எழுந்தாள்.

"சாமி, வாங்க. அக்கா சொகமா இருக்காவளா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே சுவரில் படத்தைப் பார்த்துவிட்டேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில், நாலு பேருக்கும் குங்குமம் வைத்து. அவள் பிள்ளை, மூன்று வயது இருக்கும், நான் பார்ப்பதைப் பார்த்து விரலை நீட்டி, "அப்பா, அம்மா, சித்தப்பா, பெரியம்மை" என்று ஒப்பித்தான். எனக்குக் குழந்தை இல்லை என்று சொன்னேன் அல்லவா. என் மனைவியைப் பெரியம்மை என்று சொல்ல உலகத்தில் ஒரு பிள்ளை இருந்தது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி சண்டையிலிருந்து ஒரு கீறலும் படாமல் திரும்பி, தேவ்நாரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தானாம். அதைச் சொல்லவே அவளுக்குக் குற்றமாக இருந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்:

"எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு வர வேண்டியது, எங்களுக்காவ வந்து நின்ன அக்கா மேல விழுந்துட்டோ, சாமி?"

இத்தனை வருஷம் அந்தப் பயத்தைக் கேலி பேசிய நான், சுவரில் இருந்த நாலு பேரையும் ஒரு தடவை எண்ணினேன். "இல்லைம்மா. ஜுரம் வந்து போனாள். படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ. படத்தையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். என் வீட்டுச் சுவரில் கிடைக்காத இடம் என் மனைவிக்கு இந்தச் சுவரில் கிடைத்திருந்தது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டு போக வேண்டாம்.

மறுநாள் காலை கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், வாசல் வெளிச்சத்தில் படத்தை வைத்து, படத்தைப் படம் எடுத்தேன். கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பெண் எல்லோரையும், "வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க" என்று அதட்டினாள்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். கை தெளிவாக இருந்தது. இரண்டு வளையல், கட்டை விரலில் சூடு பட்ட தழும்பு, நகத்தோரம் உலர்ந்த மாவு. முகம் இருந்த இடத்தில் ஓர் அசைவு. நெற்றி ஒரு இடத்தில் தொடங்கி இன்னொரு இடத்தில் முடிந்தது. வாய் பேசிக்கொண்டிருந்தது.

பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். மாதுங்காவில் முகம் திருத்துவதில் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை. மூடிய கண்ணைத் திறந்திருக்கிறேன், செத்தவருக்கு உயிர்க் களை கொடுத்திருக்கிறேன். புருவம் வந்தது. மூக்கு வந்தது. அவளுக்கு மோவாயில் ஒரு மச்சம் உண்டு. அதை வைக்கப் போனேன். இடமா, வலமா?

எனக்குத் தெரியவில்லை. மங்கல் கண்ணாடியில் பார்த்தது இடவலம் மாறினது. பிளேட்டில் பார்த்தது, எந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தது. பதினோரு வருஷம் கூட இருந்தவளை நேருக்கு நேராகப் பார்த்த ஒரு சமயம் நினைவுக்கு வந்தால் போதும். காபி கொடுக்க வந்தபோது, ஜுரத்தில் கிடந்தபோது. கண்ணை மூடி எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். கை நீட்டியது தெரிகிறது, குரல் கேட்கிறது. மச்சம் இருக்கிறது. பக்கம் தெரியவில்லை. நாள் பூராவும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு போட்ட புருவத்தையும் மூக்கையும் அழித்துவிட்டேன். யாரோ ஒருத்தியின் முகத்தை அவள் அம்மாவுக்கு அனுப்ப முடியாது.

அசைந்த முகத்தோடேயே, நாலு பேரோடும், படத்தை அனுப்பினேன். மழையாகையால் முகம் கொஞ்சம் தெளிவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அதுவும் மழையின் தலையில்தான் போட்டேன்.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையெழுத்து. ஆனால் வார்த்தைகள் மாமியார் சொல்லச் சொல்ல எழுதினவை என்று தெரிந்தது. படம் வந்து சேர்ந்தது, கையைப் பார்த்ததுமே அவள்தான் என்று தெரிந்துவிட்டது, அந்தக் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தது. பிறகு: "பக்கத்தில் நிற்கிறவா யாரென்று தெரியவில்லை. நம்ம குழந்தை அவா தோளில் கை போட்டுண்டு நிற்கிறாளே, ரொம்ப வேண்டியவாளாய்த்தான் இருக்கணும். மாப்பிள்ளை எங்கேயாவது நிற்கிறாரா என்று தேடித் தேடிப் பார்த்தோம். நீங்கள் ஏன் அவள் பக்கத்தில் நிற்கவில்லை?"